நாலு விரல் இடம்

கடலின் குறுக்கே கட்டிய அந்தப் பாலத்தைத் திறந்து வைக்க வந்த பெரியவர்கள் ரிப்பன் வெட்டினார்கள், கை தட்டினார்கள், தூண்களின் ஆழத்தைப் பற்றியும் பாலத்தின் நீளத்தைப் பற்றியும் வாய் ஓயாமல் பேசினார்கள். தூண்களின் மேல் படுத்திருக்கும் அத்தனை கான்கிரீட் உத்தரங்களும், அதாவது கர்டர்களும், அங்கே எப்படி வந்து சேர்ந்தன என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. வானத்திலிருந்து இறங்கின என்று நினைத்திருப்பார்கள் போல. கேட்டிருந்தால் சொல்ல ஓர் ஆள் இருந்தது. அந்த ஆளுக்கு அழைப்பும் வரவில்லை, நாற்காலியும் போடவில்லை. அதனால் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

கர்டர் வார்க்கும் யார்டில் எல்லோரும் அவளை வாலக்கா என்பார்கள். கர்டரின் வாலில் உட்கார்ந்து போகிறவள் என்பதால் வந்த பெயர்.

ஒரு கர்டர் மூன்று பேருந்துகளை வரிசையாக நிறுத்தினால் வரும் நீளம். உயரம் ஆள் உயரத்துக்கும் மேலே, அகலமோ கொஞ்சம்தான். நிமிர்த்தி வைத்த பலகை மாதிரி நிற்கும், சாய்ந்தால் அதோடு சரி. இதை எந்த லாரியிலும் ஏற்ற முடியாது. தலைப்பக்கத்தை ஒரு சக்கர வண்டியில் வைப்பார்கள், வால்பக்கத்தை இன்னொரு சக்கர வண்டியில். இரண்டுக்கும் நடுவில் சங்கிலியும் கிடையாது, சட்டமும் கிடையாது. கர்டரேதான் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கும். முன்வண்டியை இன்ஜின் இழுக்கும். பின்வண்டிக்குத் தனியாக ஒரு ஸ்டியரிங்கும், முதுகு சாய இடமில்லாத ஓர் இரும்பு இருக்கையும் உண்டு. வளைவில் வாலைத் திருப்பாமல் விட்டால் அது குறுக்கே விழுந்து, மூலையில் இருக்கும் சுவரையும் கூடவே கூட்டிக்கொண்டு போகும். அதை வெளிப்பக்கமாக ஒதுக்கி, சரியான சமயத்தில் மறுபடி உள்ளே கொண்டுவர ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் வாலக்கா. முன்னால் இன்ஜினை ஓட்டுகிறவன் அவள் கணவன்.

கல்யாணமான புதிதில் அவள் அவனோடு வண்டியில் போவாள், வழியில் நிறுத்திச் சமைத்துப் போடுவாள். ஒருநாள் நடுவழியில், அப்போது வாலில் இருந்த ஆள் அவனோடு சண்டை போட்டுக்கொண்டு, "நீயே ரெண்டையும் ஓட்டிக்கோ" என்று துண்டை உதறித் தோளில் போட்டுப் போயே போய்விட்டார். சாலையை அடைத்துக்கொண்டு வண்டி நிற்கிறது; பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளக்கிறது. அவள் அடுப்பை அணைத்தாள், கையைத் துடைத்தாள், போய் வாலில் உட்கார்ந்தாள். "நீங்க சொல்லுங்க, நான் திருப்பறேன்" என்றாள். அன்று உட்கார்ந்தவளை அதற்குப் பிறகு யாராலும் எழுப்ப முடியவில்லை.

ஆரம்பத்தில் வாக்கி டாக்கியில் இடது, வலது என்றுதான் பேசிக்கொண்டார்கள். அதில் அவன் கொஞ்சம் மட்டம். சாப்பிடுகிற கை எது என்று மனசுக்குள் பார்த்துக்கொண்டுதான் சொல்வான். அத்தனை எடையைச் சக்கரத்தில் வைத்துக்கொண்டு மனசுக்குள் சாப்பிட்டுப் பார்ப்பதெல்லாம் நடக்கிற காரியமா? கடைசியில் அவள்தான் வழி கண்டுபிடித்தாள். கட்டிலில் அவன் படுப்பது ஒரு பக்கம், அவள் படுப்பது ஒரு பக்கம். கல்யாணமான நாளிலிருந்து அது மாறியதில்லை. "உன் பக்கம்", "உங்க பக்கம்" என்று ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு அவன் தடுமாறியதே கிடையாது. கூட நடந்து வரும் கொடிக்காரர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். "அண்ணன் பக்கம் மரக்கிளை", "அக்கா பக்கம் பள்ளம்" என்பார்கள். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒரு புது மேனேஜர் கேட்டபோது அத்தனை பேரும் வானத்தைப் பார்த்தார்கள்.

அவள் வாலில் உட்கார்ந்ததை ஒருத்தியால் மட்டும் பொறுக்க முடியவில்லை. அவள் நாத்தனார், அதாவது டிரைவரின் அக்கா. தையல்காரி. அப்பா அம்மா போன பிறகு தையல் மிஷினை மிதித்தே தம்பியை ஆளாக்கியவள். கடைத்தெரு மூலையில், கீழே கடையும் மேலே ஓர் அறையுமாக ஒரு வீட்டையும் அதே மிஷினை மிதித்துக் கட்டியவள். அவள் குரல் ஊரறிந்தது. கடைக்குள் உட்கார்ந்தபடியே தெருக்கோடியில் போகும் காய்கறிக்காரரோடு பேரம் பேசி முடித்துவிடுவாள். அந்தக் குரலில்தான் ஒருநாள் தெருவே கேட்கச் சொன்னாள்: "முன்னாடி உட்கார்ந்து போனாலாவது பரவாயில்ல. வால்ல தொங்கிக்கிட்டுப் போறா, ஊரே வேடிக்கை பார்க்குது. இனிமே எங்க வீட்டு மருமகள்னு எங்கயும் சொல்லிக்காத."

வாலக்கா பதிலுக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று பேசாதவள் அப்புறமும் பேசவில்லை, அந்த வீட்டு வாசற்படியை மிதிக்கவும் இல்லை. அவன் மட்டும் போய்வருவான். போனால் அக்காவிடம் பாட்டு, வந்தால் வீட்டில் முகம் திருப்பல். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதை அவனைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள்.

இப்படி வருஷங்கள் ஓடியபின் பாலம் வந்தது. கரையில் நின்று பார்த்தால் எதிர்க்கரை ஒரு கோடாகத் தெரியும். அவ்வளவு அகலத்தில் கடல் உள்ளே புகுந்து கிடந்த இடம். அடியில் சேறு. அந்தச் சேற்றுக்குள் இரும்புக் குழாய்களை இறக்கி, பாறை தட்டும் வரை இறக்கி, உள்ளே கான்கிரீட் ஊற்றி, அதன்மேல் தூண்களை எழுப்பினார்கள். தூணுக்குத் தூண் கர்டரைத் தூக்கி வைக்க, பாலத்தின் மேலேயே நகரும் ராட்சத எந்திரம் ஒன்று நின்றது. கர்டர்களை மட்டும் கரையில் வார்க்க முடியவில்லை. கரை முழுக்கச் சதுப்பு. வார்க்கிற மேடை நூலளவு அமிழ்ந்தாலும் கர்டர் கோணிவிடும். அதனால் ஊருக்கு அந்தப் பக்கம், கெட்டியான மேட்டு நிலத்தில் யார்டைப் போட்டார்கள். கம்பிக் கூடு கட்டி, கான்கிரீட் ஊற்றி, ஈரச் சாக்கைப் போர்த்தி ஆற வைத்து, பிறகு உள்ளே ஓடும் எஃகு வடங்களை இரண்டு முனையிலும் ஜாக்கி வைத்து இழுப்பார்கள். இழுக்க இழுக்கக் கர்டர் முதுகை லேசாக உயர்த்தும். அப்போதுதான் அதற்கு உயிர் வந்ததாகக் கணக்கு. அதுவரை அது வெறும் கல்தான்.

யார்டு ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம், நடுவில் ஊர். ஊருக்குள் இருந்த ஒரே அகலமான தெருவில் ஒரே ஒரு வளைவு. வளைவின் வெளிப்பக்கம் தடுப்புச் சுவர்கூட இல்லாத கழிவுநீர்க் கால்வாய். உள்பக்கம் மூலையில் ஒரு வீடு. உலகத்தில் எத்தனையோ மூலை இருக்க, அந்த மூலையில் நின்றது நாத்தனாரின் வீடு.

முதலில் ஒத்திகை வைத்தார்கள். கர்டர் நீளத்துக்கு இரும்புக் குழாயில் ஒரு சட்டம் செய்து, அதை ஏற்றிக்கொண்டு வளைவைத் தாண்டிப் பார்க்க வேண்டும். அதற்கு முந்தின நாள் சாப்பாட்டில் கை வைத்தபடியே அவன் மெல்ல ஆரம்பித்தான். "நாளைக்கு ஒரு நாள் மட்டும், வால்ல வேற ஆளை உட்கார வைக்கலாமான்னு பார்க்கறேன்."

"ஏன்?"

"அக்கா வீடு. ஏதாவது ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா நீ வேணும்னே பண்ணினதாச் சொல்லுவாங்க."

"உங்க அக்கா சொல்லுவாங்களா, நீங்க நினைக்கிறீங்களா?"

அவன் பதில் சொல்ல ஒரு நொடி தாமதித்தான். அந்த ஒரு நொடி போதும். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அதோடு அவனிடம் பேச்சு நின்றது. மறுநாள் வாலில் போய் உட்கார்ந்தது மட்டும் அவள்தான். அந்த இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அங்கேதான் அந்தக் கூத்து நடந்தது. ஊரில் எந்தப் புருஷன் பெண்டாட்டியும் சண்டை போட்டால் பிள்ளையிடம் சொல்லி அனுப்புவார்கள், சுவரைப் பார்த்துப் பேசுவார்கள். இவர்கள் கர்டர் வண்டியின் இரண்டு முனையிலும் உட்கார்ந்துகொண்டு அதைச் செய்தார்கள். அவன் வாக்கி டாக்கியில் கொடிக்காரரைக் கூப்பிட்டு, "அவளை வாலை ஒதுக்கச் சொல்லு" என்பான். கொடிக்காரர் ஓடிப்போய், "அக்கா, ஒதுக்கச் சொல்றார்" என்பார். "கேட்டுதுன்னு சொல்லு" என்பாள் அவள். பாவம், அந்த மனிதர் தெரு முழுக்க ஓடினார். நேரான சாலையில் இந்தக் கூத்து செல்லும். வளைவில் செல்லவில்லை. வாலை ஒதுக்கச் சொன்ன செய்தி மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்வதற்குள் சட்டத்தின் நடுப்பகுதி சுவரை நெருங்கிவிட்டது. கடையின் சன்ஷேடு ஒரு மூலை உடைந்து கீழே விழுந்தது. கூடவே சுவரின் பூச்சும் பாளமாகப் பெயர்ந்தது.

நாத்தனார் வெளியே வந்தாள். உடைந்ததைப் பார்த்தாள். வாலைப் பார்த்தாள். எல்லோரும் காதைத் தயாராக வைத்துக்கொண்டார்கள். அவளோ ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். திட்டியிருந்தால் வாலக்காவுக்கு வயிறு நிறைந்திருக்கும்.

இரண்டு நாளில் கம்பெனி ஆள் வந்து அந்தச் சுவரில் சிவப்புப் பெயிண்டால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார். முன்பக்கத்தை இடிக்க வேண்டிய வீடு என்று அர்த்தம். கடையும் மேலே இருக்கும் அறையும் அந்த முன்பக்கம்தான். அதை இடித்தால் மிச்சம் ஒரு குளியலறையும் மாடிப்படியும்.

அன்று சாயங்காலம் யார்டின் குடியிருப்பு அறையில் அவள் சமைத்து மூடி வைத்துவிட்டு, ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்: "யாருக்காவது பசிச்சா தட்டு அங்க இருக்கு."

அவன் தட்டை எடுக்கவில்லை. தரையில் உட்கார்ந்து தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். "அக்கா ஒரு வார்த்தை திட்டலை" என்றான் கடைசியில். "போனேன். தண்ணி குடுத்தா. மிஷினை எங்க கொண்டுபோய் வைக்கறதுன்னு மட்டும் கேட்டா."

அவள் திரும்பினாள்.

"தப்பு என்னுது" என்றான் அவன். "உன்னை அன்னிக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

"கேட்டதுக்கு வாக்கி டாக்கியில வந்து பேசாம இருந்தேன் பாருங்க, அது என்னுது. பாதிப் பாதி" என்றாள். "காலையில மேனேஜரைப் பார்க்கணும்."

"அதுக்கு முன்னாடி அக்காகிட்ட ஒரு வார்த்தை..."

"எதுக்கு? அவங்க வீட்டைக் காப்பாத்த அவங்ககிட்ட அனுமதி வாங்கணுமா? மருமகள்னு சொல்லிக்கத்தான் கூடாதுன்னாங்க. இடிக்காம ஓட்டக் கூடாதுன்னு சொல்லலை."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. அவருடைய தலைவலி அவருக்கு. பருவம் மாறினால் கடல் கொந்தளிக்கும். அதற்குள் கர்டர்கள் எல்லாம் தூண் ஏற வேண்டும். மேஜைக்கு அந்தப் பக்கம் யார்டின் இன்ஜினியர் பெண், வளைவின் படத்தை விரித்து வைத்திருந்தாள். "சார், வாலை முழுசா ஒதுக்கினா போகும். ரெண்டு பக்கமும் இடம் இருக்கு. ரொம்பக் கொஞ்சம், ஆனா இருக்கு" என்று மூன்றாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இருந்த இடத்துலதானே இடிச்சுது?" என்றார் மேனேஜர். வாலக்காவைப் பார்த்ததும் குரலைத் தணித்தார். "இங்க பாரும்மா, உன் மேல கோபம் இல்ல. வீடு இடிஞ்சா கட்டிக்கலாம். கர்டர் கால்வாய்ப் பக்கம் சாஞ்சா ஆள் போயிடும்."

"இடிஞ்ச வீட்டைக் கட்டிக்கலாம்னு சொல்றவங்க எல்லாம் வேற வீட்டுல குடியிருக்கறவங்கதான் சார்" என்றாள் அவள்.

இன்ஜினியர் பெண் படத்தின்மேல் குனிந்துகொண்டாள். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்தம்மா காலி பண்ண மாட்டேங்கறாங்க, தெரியுமில்ல?" என்றார். "கோர்ட்டுக்குப் போறேங்கறாங்க."

"போவாங்க. ஜெயிக்கவும் ஜெயிப்பாங்க. அதுக்குள்ள உங்க கடல் கொந்தளிச்சிடும். எங்களுக்கு ஒரு காலை நேரம் குடுங்க. நிஜக் கர்டரோட. சுவர்ல பட்டுதுன்னா நான் வாலை விட்டு இறங்கிடறேன். அப்புறம் எந்த வண்டியிலயும் ஏற மாட்டேன். வீட்டையும் நீங்க இடிச்சுக்கலாம்."

மேனேஜர் அவனைப் பார்த்தார். டிரைவர் வாசலிலேயே நின்றிருந்தான். பெரிய அறைகளில் அவனுக்கு வாய் வராது. ஆனாலும் சொன்னான்: "அவ இறங்கினா நானும் இறங்கிடுவேன் சார். வேற ஆள் வால்ல இருந்தா எனக்குத் திரும்பத் தெரியாது."

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை கிடைத்தது. கூடவே ஒரு நிபந்தனை: கர்டர் தாண்டும்போது அந்த வீட்டில் யாரும் இருக்கக் கூடாது.

விடிந்ததும் கிளம்பினார்கள். கடைகள் மூடியிருந்தன. மொட்டை மாடியெல்லாம் தலைகள். மூலை வீட்டின் வாசலில் பூட்டு தொங்கியது. கொடிக்காரர் தட்டிப் பார்த்துவிட்டு, "ஆள் இல்ல" என்று கையை உயர்த்திக் காட்டினார். அந்த வீட்டுக்குப் பின்கதவு ஒன்று உண்டு என்பது டிரைவருக்குத் தெரியும். ஆனால் அவன் இன்ஜினில் இருந்தான், அவனை யாரும் கேட்கவில்லை.

"வர்றேன்" என்றான் அவன் வாக்கி டாக்கியில்.

"வாங்க."

ஆள் நடக்கிற வேகம்கூட இல்லை. டயர்கள் அழுந்தித் தார் கிறீச்சிட்டது. வளைவில் முன்வண்டி திரும்பிவிட்டது. "உன் பக்கம் ஒதுக்கு. இன்னும். இன்னும் கொஞ்சம்." அவள் ஸ்டியரிங்கைப் பிடித்து வளைத்தாள். பின்வண்டி கால்வாயை நோக்கி ஒதுங்கியது. அவள் இருக்கை கால்வாய்ப் பக்கம்தான். குனிந்தால் டயரும் கால்வாயின் விளிம்பும் தெரியும். மறுபக்கம், வீட்டுப் பக்கம், கர்டரின் உடம்பு மறைத்துக்கொண்டு நிற்கும். அங்கே என்ன நடக்கிறது என்று கூட நடக்கும் கொடிக்காரர்தான் சொல்ல வேண்டும். கர்டரின் நடுப்பகுதி சுவரை நெருங்க நெருங்க அந்த இடுக்கில் ஆள் நிற்க இடமில்லாமல் போகும் என்பது தெரிந்ததுதான். அதற்காக எதிர் விளக்குக் கம்பத்தில் ஒரு பெரிய கண்ணாடியைக் கட்டியிருந்தார்கள். யோசனை எல்லோருடையதும். முந்தின நாள் சாயங்காலம் பார்த்தபோது சுவரும் இடுக்கும் பளிச்சென்று தெரிந்தன. காலையில் சூரியன் அந்தக் கண்ணாடிக்கு நேராக வரும் என்பதை எல்லோருமே மறந்திருந்தார்கள்.

கொடிக்காரர் இடுக்கிலிருந்து வெளியே வந்தார். அவள் கண்ணாடியைப் பார்த்தாள். கண் கூசியது, வேறு ஒன்றும் தெரியவில்லை.

"நில்லுங்க" என்றாள்.

நின்றது. தெருவும் நின்றது. யானை போன பிறகு வால் மாட்டிக்கொண்ட கதை என்பார்களே, அது அன்று அங்கே அச்சு அசலாக நின்றது. முன்னால் போனால் சுவரில் உரசுமா, உரசாதா? தெரியாது. இன்னும் ஒதுக்கினால் கால்வாய். பின்னால் எடுப்பதோ நினைத்தே பார்க்க முடியாது. பிணைப்பில்லாத இரண்டு வண்டிகளைப் பின்னால் தள்ளினால் அவை தம்மிஷ்டத்துக்குத் திரும்பும்.

வாக்கி டாக்கியில் மேனேஜரின் குரல் வந்தது. "யாரும் நகராதீங்க. ஆளை அனுப்பறேன். சுவரை இப்பவே உடைச்சு வழி எடுத்துடலாம்."

"சுவர் மேல யாரும் கை வைக்கக் கூடாது" என்றாள் வாலக்கா. கம்பியும் சுத்தியலுமாக நாலு பேர் தெருவோரமாக வருவதைப் பார்த்தாள். பயமாகத்தான் இருந்தது. அந்த வீட்டின் உள்ளே அவள் பார்த்தது கல்யாணமான புதிதில். கதவுக்கு நேரே மிஷின், மேலே கம்பியில் தொங்கும் பாதி தைத்த சட்டைகள், எல்லாம் ஞாபகம் வந்தன.

அப்போது மாடி ஜன்னல் திறந்தது.

கழுத்தில் டேப், கையில் கத்தரிக்கோல், நாத்தனார் இடுப்பு வரை வெளியே குனிந்து கீழே பார்த்தாள். காலி செய்தவள் மாதிரித் தெரியவில்லை. காலையிலிருந்து ஏதோ வெட்டிக்கொண்டிருந்தவள் மாதிரித்தான் இருந்தாள். மொட்டை மாடிகளில் ஒரு சலசலப்பு. மேனேஜர் ஏதோ கத்தினார்.

"நீ சும்மா இருய்யா" என்றாள் நாத்தனார். அப்புறம் வாலைப் பார்த்து, தெருக்கோடி வரை கேட்கும் அந்தக் குரலில் சொன்னாள்: "ஏய். இங்க எனக்கு நல்லாத் தெரியுது. நாலு விரல் இடம் இருக்கு. வா."

வருஷக்கணக்கில் பேசாதவள் பேசிய முதல் பேச்சு. வாலக்கா ஒரு கணம் ஸ்டியரிங்கையே பார்த்தாள். நாலு விரல் என்கிறாள். இதுவோ தன் கண்ணுக்கே தெரியாத சுவர். சொல்கிறவள் தன்னை மருமகளே இல்லை என்றவள். ஆனால் துணியை வெறும் கண்ணால் பார்த்தே இத்தனை வருஷம் வெட்டிப் பிழைத்த கண் அது. வெட்டினால் வெட்டினதுதான் என்று தெரிந்த கண்.

வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோனாள். "மெதுவா வாங்க. நான் சொல்றப்ப நில்லுங்க."

"நீ சொல்லு, நான் ஓட்டறேன்" என்றான் அவன்.

நகர்ந்தது.

"மூணு" என்றது ஜன்னல். "மூணு. ரெண்டு. நில்லு, நில்லு. என் பக்கம் வருது. உன் பக்கம் ஒதுங்கு."

அவள் குனிந்து டயரைப் பார்த்தாள். "எனக்கும் இங்க ரெண்டு விரல்தான் இருக்கு அண்ணி. அதுக்கு அந்தப் பக்கம் கால்வாய்."

அண்ணி என்ற சொல் தானாக வந்துவிட்டது. அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள அப்போது நேரமில்லை.

ஜன்னலிலிருந்து குரல் வந்தது, இந்தத் தடவை கொஞ்சம் தணிந்து: "அதுல ஒரு விரலை எனக்குக் குடு."

கொடுத்தாள். கையில் நரம்பு புடைக்க ஸ்டியரிங்கை வளைத்தாள். டயரின் ஓரத்திலிருந்து சின்னச் சின்னக் கற்கள் உதிர்ந்து கால்வாயில் விழும் சத்தம் கேட்டது. அவளுக்கு இந்தப் பக்கம் ஒரே ஒரு விரல். "இப்ப?"

"மூணு ஆச்சு. வா. அப்படியே வா. மூணு. மூணு. இங்க பாரு, யாரையும் பார்க்காத, நான் சொல்றதை மட்டும் கேளு. மூணு. நாலு. வயிறு தாண்டிடுச்சு. உள்ள கொண்டா, உள்ள கொண்டா."

அவள் ஸ்டியரிங்கை மறுபக்கம் வளைத்தாள். கால்வாயின் விளிம்பு டயரை விட்டு விலகியது. கர்டரின் வால் முனைக்குப் பின்னால் சுவர் முதல் முறையாக அவள் கண்ணுக்குத் தெரிந்தது. சிவப்புப் பெருக்கல் குறி மெதுவாகப் பின்னால் விலகிப் போனது. புதிதாக ஒரு கீறல்கூட இல்லை. தெருவே கத்தியது. அவளுக்குக் கண்ணீர் வந்துகொண்டிருந்தது. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்ததால் துடைக்க வழியில்லை.

தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தாள். அது படாரென்று சாத்திக்கொண்டது.

அன்றோடு இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தக் குடும்பத்தில் அப்படியெல்லாம் நடக்காது. நடந்தது இதுதான்: அடுத்த கர்டர் வந்த காலையில் ஜன்னல் முன்கூட்டியே திறந்திருந்தது. அதற்கடுத்த கர்டருக்கும் திறந்திருந்தது. வீட்டில் ஆள் இருக்கக் கூடாது என்ற நிபந்தனையை மேனேஜரே மறந்துபோனார். ஞாபகப்படுத்தும் தைரியம் யாருக்கும் இல்லை. கொடிக்காரர்கள் அண்ணன் பக்கம், அக்கா பக்கம் என்பதோடு நாத்தனார் பக்கம் என்று மூன்றாவதாக ஒரு பக்கத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். "நேத்து மாதிரி இழுக்காத, காலையிலயே தூங்கி வழியற" என்று ஜன்னல் திட்டும். "ரெண்டை மூணுன்னு சொன்னா இப்படித்தான் வரும்" என்று வால் திருப்பித் திட்டும். நடுவில் டிரைவர் வாயைத் திறக்காமல் ஓட்டுவான். எப்போது அவள் மறுபடி அந்த வாசற்படியை மிதித்தாள் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. மழை பெய்த ஒரு நாள், வண்டி நின்றபோது ஒதுங்கப் போனாள் என்கிறார்கள். கடல் கொந்தளிக்கும் முன்னால் கடைசிக் கர்டரும் தூண் ஏறியது.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் கம்பெனி ஒரு பெயிண்டரை அனுப்பியது. பெரியவர்களின் கார்கள் அந்த வளைவு வழியாகத்தான் போகும். சுவரில் சிவப்புக் குறி இருந்தால் நன்றாக இருக்காது. அவர் வெள்ளை டப்பாவைத் திறந்து பிரஷ்ஷை முக்கியதுதான் தாமதம், நாத்தனார் வெளியே வந்துவிட்டாள்.

"யாரைக் கேட்டு அழிக்கற?"

"அசிங்கமா இருக்குன்னு சொன்னாங்கம்மா."

"போட்டப்ப அசிங்கமா இல்லையா? இடிக்கறதா இருந்த வீடு. இடிக்கலை. இருக்கட்டும், எல்லாரும் பார்த்துட்டுப் போகட்டும்."

பெயிண்டர் டப்பாவை மூடிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை கார்கள் வரிசையாக வந்தன. முன்னால் வந்தது நீளமான, அகலமான, கறுப்புக் கார். வளைவுக்கு வந்ததும் அது தயங்கி நின்றுவிட்டது. ஒரு பக்கம் கால்வாய், ஒரு பக்கம் சுவர். காரை ஓட்டியவர் கண்ணாடியை இறக்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்தார். பின்னால் வந்த கார்கள் எல்லாம் நின்றன. உள்ளே இருந்த பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வாலக்கா அப்போது மாடி அறையில், சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அழைப்பு இல்லாதவளுக்கு அன்று லீவு.

நாத்தனார் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"தாராளமா இடம் இருக்கு, போப்பா" என்றாள், தெருக்கோடி வரை கேட்கும் குரலில். "இதைவிடப் பெருசையெல்லாம் எங்க வீட்டு மருமக இந்த வழியா ஓட்டிக்கிட்டுப் போயிருக்கா."